காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் தேவை

"காய்ச்சல் விட்டுருச்சு டாக்டர். நாளைக்கு இவன் பள்ளிக்கூடம் போகலாம்தானே?"

சில ஆண்டுகளுக்கு முன்பு, கிள்ளானில் உள்ள எங்கள் கிளினிக்கில் ஒரு தாயார் இப்படிக் கேட்டார். மகன் ஐந்தாம் படிவ மாணவன். மறுநாள் எஸ்.பி.எம். சோதனைத் தேர்வில் கணிதத் தாள். நான்கு நாள் கடுங்காய்ச்சல் அடித்து, ஐந்தாம் நாள் காலையில் உடம்பு குளிர்ந்திருந்தது. போகலாம் என்று என் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்பத்தான் அவர் வந்திருந்தார்.

"எப்படி இருக்குது தம்பி?" என்றேன். "ஓகே டாக்டர்" என்றான் பையன். ஆனால் நாற்காலியில் சாய்ந்தபடியே சொன்னான். வயிற்றை லேசாக அழுத்தியதும் முகத்தைச் சுளித்தான். நெற்றியில் சூடு இல்லை, ஆனால் கைவிரல்கள் சில்லென்று இருந்தன. கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தாய் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "நேத்து ராத்திரி" என்றான். அப்போது மணி பகல் பதினொன்று.

அவன் வீட்டுக்குப் போகவில்லை. ஆம்புலன்சில் நேராக மருத்துவமனைக்குப் போனான். இரண்டு நாள் நரம்பு வழியாக நீர் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான். கணிதத் தாளைத் தவறவிட்டதற்காக அவன் அம்மா சில நாள் வருத்தப்பட்டார். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

டிங்கியைப் பற்றி நம் மக்களுக்கு நிறையத் தெரியும். கொசு, தேங்கிய நீர், புகை அடிக்கும் வண்டி எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தாகிவிட்டது. ஆனால் காய்ச்சல் இறங்குகிற நாளில்தான் ஆபத்து தொடங்குகிறது என்பது மட்டும் பல வீடுகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. சூடு இறங்கியதும் சாமிக்கு நன்றி சொல்லிவிட்டு எல்லாரும் அசந்து தூங்கிவிடுகிறோம். மற்றக் காய்ச்சல்களில் அது சரிதான். டிங்கியில் அன்று இரவு யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

இந்தப் பாடத்தை நானும் புத்தகத்தில் மட்டும் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. பயிற்சி மருத்துவராக இருந்தபோது, காய்ச்சல் இறங்கிய ஒரு நோயாளியின் தாளில் 'நன்றாக இருக்கிறார்' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டேன். மூத்த தாதி ஒருவர் அந்த நோயாளியின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "டாக்டர், கொஞ்சம் திரும்ப வாங்க" என்று கூப்பிட்டார். நாடி நூல்போல ஓடிக்கொண்டிருந்தது. அந்த நோயாளி என்னிடம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். அதுதான் என்னை ஏமாற்றியது. இளவயதினர் உடலில் நீர் குறைந்துகொண்டே வந்தாலும், இதயம் வேகமாக அடித்து நெடுநேரம் சமாளித்துவிடும். ரத்த அழுத்தம்கூடச் சரியாகவே காட்டும். தாக்குப்பிடிக்க முடியாத கட்டத்தில் திடீரென்று விழும். ஆகவே, 'நல்லாத்தானே பேசுறான்' என்பதை நம்பி இருந்துவிடக் கூடாது.

உடலுக்குள் நடப்பது இதுதான். முதல் இரண்டு முதல் ஏழு நாள் வரை காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பை முறிப்பது போன்ற உடல்வலி. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் சூடு இறங்கும். அந்த நேரத்தில் சிலருக்கு மிகச் சிறிய ரத்தக் குழாய்களின் சுவர் இளகி, ரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்கும். கசிந்த நீர் வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் தேங்கும். குழம்பு வற்றினால் கெட்டியாவதுபோல, குழாய்க்குள் இருக்கும் ரத்தம் கெட்டியாகும். இந்தக் கசிவு 24 மணி முதல் 48 மணி நேரம் வரை நீடித்து, பிறகு தானாக நின்றுவிடும். அந்த இரண்டு நாளைக் கடத்திவிட்டால் பெரும்பாலோர் முழுக்கக் குணமடைந்துவிடுவார்கள்.

எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் யாருக்கு ஆகும் என்று முதல் நாளில் சொல்ல முடியாது. டிங்கிக் கிருமியில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகை மட்டும்தான் மறுபடியும் வராது. வேறு வகை வரலாம். இரண்டாவது முறை வருவது கடுமையாக இருக்கும் வாய்ப்பு அதிகம். 'எனக்குத்தான் ஏற்கெனவே வந்துவிட்டதே' என்று அலட்சியமாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு மட்டும் 1,30,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தனர். நான் வேலை செய்யும் சிலாங்கூரில்தான் ஆண்டுதோறும் அதிகம். காய்ச்சல் சீசனில் எங்கள் கிளினிக்கில் இடம் கிடைக்காமல் ஐந்தடியில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் பள்ளிச் சீருடையில்தான் இருப்பார்கள்.

சரி, வீட்டில் என்ன செய்வது? பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் இந்த வேலையை மூத்த அண்ணனோ அக்காவோ எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் இதை மாணவர் பக்கத்தில் எழுதுகிறேன். ஒரு தாளை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். காய்ச்சல் தொடங்கிய தேதியை மேலே எழுதுங்கள். அதுதான் முதல் நாள். கிளினிக்கில் நாங்கள் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். "போன வாரம் புதனோ, வியாழனோ" என்று பதில் வந்தால் எங்களுக்குக் கணக்குப் பிடிபடாது. அதன் கீழே ஒவ்வொரு முறையும் உடல் சூடு, மருந்து கொடுத்த நேரம், குடித்த அளவு, சிறுநீர் கழித்த நேரம் ஆகியவற்றைக் குறியுங்கள். சிறுநீரைக் கணக்குப் பார்ப்பது சிரிப்பாக இருக்கலாம். ஆனால் உடலில் நீர் போதுமா என்பதை வீட்டிலிருந்தபடி சொல்ல அதைவிடச் சுலபமான வழி இல்லை. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது போக வேண்டும்.

குடிக்க என்ன கொடுப்பது என்று அம்மாக்கள் கேட்பார்கள். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் ஊற்றிக்கொண்டே இருப்பது நல்லதல்ல. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, இளநீர், பார்லித் தண்ணீர், பால், மருந்தகத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எல்லாம் நல்லவை. வாந்தி வந்தால் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். சிவப்பு சிராப், கோலா போன்ற நிறமுள்ள பானங்களை அந்த வாரம் தவிர்த்துவிடுங்கள். வாந்தி எடுத்தால் அது பானமா, ரத்தமா என்று தெரியாமல் எல்லாரும் திண்டாட வேண்டியிருக்கும்.

மருந்தில்தான் தெரியாமல் தவறு நடக்கிறது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும் போதும். பெரியவர்களுக்கு ஒரு முறைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டுக்கு மேல் வேண்டாம். ஆறு மணி நேர இடைவெளி விட வேண்டும். பிள்ளைகளுக்கு எடையைப் பார்த்துத்தான் அளவு. அடிக்கடி கொடுத்தால் சூடு சீக்கிரம் இறங்கும் என்று நினைத்து அளவைக் கூட்டினால், ஏற்கெனவே கிருமியோடு போராடும் ஈரல் கெட்டுப்போகும். உடல்வலி தாங்கவில்லை என்று ஐபுபுரொஃபென், ஆஸ்பிரின், டைக்லோஃபெனாக் எதையும் எடுக்காதீர்கள். மாதவிடாய் வலிக்கென்று பெண்பிள்ளைகள் பையில் வைத்திருக்கும் போன்ஸ்டானும் இந்த வகைதான். இவை வயிற்றைப் புண்ணாக்கும், ரத்தக் கசிவைக் கூட்டும். ஊசி போட்டால்தான் காய்ச்சல் இறங்கும் என்று டாக்டரை வற்புறுத்தும் தாத்தா பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். டிங்கியில் தசையில் போடும் ஊசி ரத்தக் கட்டை உண்டாக்கலாம். அவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்வது பேரப்பிள்ளைகளின் வேலை.

பப்பாளி இலைச் சாற்றைப் பற்றிக் கேட்காத வீடு இல்லை. அது பிளேட்லெட் எண்ணிக்கையைக் கூட்டக்கூடும் என்று சொல்லும் சில ஆய்வுகள் உண்டு. ஆனால் நம்மைச் சாய்ப்பது பெரும்பாலும் ரத்தக் குழாயின் கசிவு. அதை இந்தச் சாறு நிறுத்தும் என்பதற்குச் சான்று இல்லை. கசப்பில் வாந்தி எடுத்து, குடித்த கஞ்சியும் வெளியே வந்துவிட்டால் நட்டம்தான். சாறு கொடுத்தாயிற்று, இனி கிளினிக் வேண்டாம் என்று இருந்துவிடுவது அதைவிடப் பெரிய நட்டம். அதேபோல், பிளேட்லெட் எண்ணிக்கை ஒன்றையே பிடித்துக்கொண்டு கவலைப்படாதீர்கள். ரத்தப் பரிசோதனையில் ரத்தம் எவ்வளவு கெட்டியாகி இருக்கிறது என்பதையும் நாங்கள் பார்க்கிறோம். அதற்காகத்தான் நாள்தோறும் வரச் சொல்கிறோம். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் இதற்கு நம் நாட்டுக் குடிமக்கள் கட்டுவது ஒரு ரிங்கிட். முதல் நாளில் எடுத்த டிங்கி சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும், காய்ச்சல் தொடர்ந்தால் மறுபடியும் வாருங்கள்.

இனி, எப்போது நேராக மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பது. விடாத வயிற்று வலி. நிற்காத வாந்தி. பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பு மலம். கை கால் குளிர்ந்து வேர்ப்பது, எழுந்து நின்றால் மயக்கம் வருவது. காரணமில்லாத எரிச்சல், பதற்றம், அல்லது எழுப்பினாலும் எழாத அசதி. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெண்பிள்ளைகளுக்கு இன்னொன்று: டிங்கி நேரத்தில் மாதவிடாய் வந்து வழக்கத்தைவிட அதிகமாகப் போனால் வெட்கப்படாமல் அம்மாவிடமோ டாக்டரிடமோ சொல்லிவிடுங்கள். இதுவும் எச்சரிக்கை அறிகுறிதான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று என்னிடம் இதைச் சொல்லாமல் மறைத்த மாணவிகள் உண்டு. அதனால் இப்போதெல்லாம் அப்பாவைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத்தான் கேட்கிறேன்.

கொசுவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்லப் போவதில்லை. இரண்டு செய்தி மட்டும். காய்ச்சலில் கிடப்பவரைக் கொசு கடித்தால் அந்தக் கொசு கிருமியை எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் போகும். ஆகவே நோயாளிக்குப் பகலிலும் கொசுவலை அல்லது கொசு விரட்டி வேண்டும். அடுத்து, ஏடிஸ் கொசுவின் முட்டை நீரில் மிதப்பதில்லை. பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போகாது. காய்ந்த சுவரிலேயே பல மாதம் உயிரோடு இருந்து, மறுபடியும் நீர் பட்டதும் பொரியும். வாரத்துக்கு ஒரு முறை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். பூச்சட்டித் தட்டு, மணி பிளாண்ட் பாட்டில், வாசலில் பூ மிதக்க விடும் உருளி, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டு. கடைசியாகச் சொன்னதை உங்கள் வீட்டில் யாராவது எப்போதாவது இழுத்துப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு எப்போது போகலாம் என்ற அந்தத் தாயாரின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். பாரசிட்டமால் இல்லாமலே இரண்டு நாள் முழுக்கக் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். பசி திரும்ப வேண்டும். சிறுநீர் தாராளமாகப் போக வேண்டும். ரத்தப் பரிசோதனையில் எண்கள் ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். கை காலில் சிவந்து, நடுவில் வெள்ளைத் திட்டுகளோடு ஓர் அரிப்பு வரலாம். பார்க்கப் பயமாக இருந்தாலும் அது குணமாவதற்கான அடையாளம். அதன் பிறகும் இரண்டு மூன்று வாரம் அசதி இருக்கும். உடற்கல்விப் பாடத்துக்கு விலக்குக் கேட்டு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த டாக்டரும் எழுதித் தருவார்.