புகை என்பது எரியாத விறகு

1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாள் மூடிய நச்சுப்புகை ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பிறந்தன. அங்கே இன்றும் சாதாரண அடுப்பில் விறகு எரிக்கக் கூடாது; அரசு விலக்கு அளித்த அடுப்பு வேண்டும்.

அதில் என்ன விசேஷம்? சூடேறும் விறகிலிருந்து வாயுக்கள் கிளம்புகின்றன. சுவாலையாக எரிவது அவைதான். காற்றோ சூடோ போதாவிட்டால் எரியாமலே புகைபோக்கி ஏறிவிடும். நல்ல அடுப்பு, சூடேற்றிய காற்றைத் தீக்கு மேலே இரண்டாம் முறை செலுத்தி அவற்றையும் எரித்துவிடும். காற்றுவழியை முழுக்க அடைக்க முடியாதபடி ஒரு தடையும் பலவற்றில் உண்டு.

பல எரிபொருள் அடுப்பில் இன்னொரு சிக்கல். புகையில்லாக் கரிக்கட்டிக்குக் காற்று அடியிலிருந்து, கம்பித்தட்டு வழியே வரவேண்டும். விறகுக்கோ சாம்பல் மெத்தையில் கிடந்து மேல்காற்று வாங்கத்தான் பிடிக்கும். அடிக்காற்று, மேல்காற்று இரண்டையும் தனித்தனியே கட்டுப்படுத்த முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

வழக்கமான தவறு, தேவைக்கு மேல் பெரிய அடுப்பு வாங்குவது. அறை புழுங்கும்; காற்றைக் குறைப்பார்கள்; தீ மங்கிப் புகையும். விறகின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினாலோ எவ்வளவு விலை கொடுத்த அடுப்பும் திணறும்: நீரை ஆவியாக்கவே சூடு செலவாகிவிடும்.