ஒகாச்சிமாச்சி: விற்க மட்டுமல்ல, வாங்கவும் ஒரு சந்தை

டோக்கியோவுக்கு இரத்தினக்கல் கொண்டு செல்லும் நமது வியாபாரிகளுக்கு ஒகாச்சிமாச்சி புதிய பெயரல்ல. உவேனோவுக்கும் அக்கிஹபாராவுக்கும் இடைப்பட்ட ரயில் நிலையத்தில் இறங்கினால், ஜப்பானின் மிகப் பெரிய நகை மொத்த வியாபாரப் பகுதி வந்துவிடும். மாணிக்கம், நீலம், மரகதம் என்று வீதிகளுக்கே பெயர் வைத்திருக்கிறார்கள்.

முற்காலத்தில் ஷோகன் ஆட்சியாளரின் காலாட்படையினர் குடியிருந்த இடம் அது. பெயரும் அவர்களால் வந்ததே. 1945இல் யுத்தம் முடிந்ததும் அருகிலுள்ள அமேயோக்கோவில் கறுப்புச் சந்தை முளைத்தது. அமெரிக்கப் படையினரின் கைக்கடிகாரங்களும் நகைகளும் இப்பகுதியில் கைமாறின. நகை வியாபாரம் இப்படித்தான் வேரூன்றியது.

ஆனால் பழைய கணக்கில் இன்று அங்கு போவது சரியல்ல என்பது என் கருத்து. 1991 அளவில் ஏறத்தாழ 3 இலட்சம் கோடி யென்னாக இருந்த ஜப்பானிய நகைச் சந்தை, பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. 2024 ஜூலையில் ஒரு டொலரின் விலை 160 யென்னையும் தாண்டியது. யென் விழும்போது டொலரில் விலை பேசும் நமது கல் அவர்களுக்குப் பாரமாகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. செழிப்பான காலத்தில் ஜப்பானியர் வாங்கிய நகைகள் இப்போது வீடுகளிலிருந்து வெளிவருகின்றன. அவர்கள் விரும்பிச் சேர்த்த வைடூரியங்களும் நீலக்கற்களும் அவற்றில் அடக்கம். ஒகாச்சிமாச்சியில் நடக்கும் ஏலங்களில் இவை விலைபோகின்றன. யென் மலிந்தால் வெளிநாட்டு வியாபாரிக்கு அதுவே இலாபம்.

இறங்குமுன் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். ஜப்பானில் பழைய பொருள் வியாபாரம் செய்ய பொதுப் பாதுகாப்பு ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். ஆகவே அனுமதி பெற்ற நம்பிக்கையான ஒருவர் மூலம் வாங்குவதே நல்லது. கற்களை இங்கு கொண்டுவரும் ஒழுங்குகளைத் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையிடமும் சுங்கத்திடமும் முன்கூட்டியே கேட்டறியுங்கள். விற்கும்போது, சூடேற்றிய கல்லைச் சூடேற்றியது என்றே சொல்லுங்கள். பரிசோதனையில் அது தெரிந்துவிடும். ஒருவர் மறைத்தால் அடுத்து வரும் நம்மவர் அனைவரையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

அப்பகுதியில் அஸ்ஸலாம் பள்ளிவாசலும் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். தொழுகைக்குத் தூரம் போகத் தேவையில்லை. பொருளின் குறையை மறைக்காமல் விற்பது மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த வியாபாரம். ஒகாச்சிமாச்சியில் நிலைத்து நிற்க அதைவிடப் பெரிய முதலீடு வேறில்லை.