பாறைமேல் ஒரு குடிசை



கோவைப் பக்கத்து மரியாதைத் தமிழை எல்லாரும் புகழ்வார்கள். ‘வாங்க’, ‘உக்காருங்க’, ‘சாப்பிட்டீங்களா’ என்று ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒரு ‘ங்க’ ஒட்டிக்கொண்டிருக்கும். அதே மரியாதையோடுதான் வேறு சில கேள்விகளும் வரும். ‘ஊரு எதுங்க?’ ‘எந்தப் பக்கமுங்க?’ ‘குலசாமி எதுங்க?’ இவற்றில் எதற்குப் பதில் சொன்னாலும் கேட்டவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். சாதி என்ற சொல்லை மட்டும் யாரும் உச்சரித்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கேள்வியையே மர்மமாக வைத்து நகருகிற ஒரு நாவலைப் பற்றி இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். பெருமாள்முருகன் எழுதிய ‘பூக்குழி’. 2013இல் வெளிவந்தது. அனிருத்தன் வாசுதேவன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ‘பையர்’ 2023இல் பன்னாட்டு புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றபோது, அந்தப் பட்டியலுக்குள் நுழைந்த முதல் தமிழ் நாவல் என்று செய்தித்தாள்கள் எழுதின. ஆசிரியர் திருச்செங்கோட்டுக்காரர். கொங்கு வட்டாரச் சொற்களுக்குத் தனியாக ஓர் அகராதியே தொகுத்தவர். ஆகவே நாவலின் மண்ணும் பேச்சும் நமக்கு அந்நியமானவை அல்ல.

கதை எளியது. குமரேசன் என்ற இளைஞன் பிழைப்பு தேடித் தோலூர் என்னும் நகரத்துக்குப் போகிறான். சோடாக் கடையில் வேலை. பக்கத்து வீட்டில் அப்பாவோடும் அண்ணனோடும் இருக்கும் சரோஜாவை விரும்புகிறான். யாருக்கும் தெரியாமல் திருமணம் செய்துகொண்டு அவளைத் தன் ஊருக்கு அழைத்துவருகிறான். ஊருக்குச் சற்றுத் தள்ளி, நிழலில்லாத ஒரு பெரும் பாறையின்மேல் அவனுடைய குடிசை இருக்கிறது. வீட்டில் தாய் மாராயி, தனியாளாக அவனை வளர்த்த விதவை. புதுப்பெண் வந்து இறங்கிய அன்றே ஊர் கேட்கத் தொடங்குகிறது: இவள் யார்?

நம் சாதிதான் என்கிறான் குமரேசன். யாரும் நம்பவில்லை. அவள் நிறத்தைப் பார்க்கிறார்கள், பேச்சைக் கவனிக்கிறார்கள், அடுப்படி வேலைக்கு அவள் கை பழகியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சாதாரணத் துப்பறியும் கதையில் கொலை முதலில் நடக்கும், துப்பறிபவர் பிறகு வருவார். இங்கே ஊரே துப்பறிகிறது. கண்டுபிடித்தபின் என்ன செய்யப்போகிறது என்ற பயம்தான் நம்மை ஒரே மூச்சில் படிக்க வைக்கிறது. சரோஜா இன்ன சாதி என்று ஆசிரியர் கடைசிவரை எங்கும் எழுதவில்லை. அதைத் தெரிந்துகொள்ளும் ஆவலோடு பக்கம் புரட்டியபோது நானும் அந்த ஊராரோடு சேர்ந்து நின்றுகொண்டிருந்தேன் என்பதைப் பாதி நாவலுக்குப் பிறகே உணர்ந்தேன். வெட்கமாக இருந்தது.

இது ஓர் இளைஞன் பெரியவனாகும் கதையும்கூட. நாலு நாள் பேசுவார்கள், அப்புறம் எல்லாம் சரியாகிவிடும் என்பது குமரேசனின் நம்பிக்கை. அவனைத் தூக்கி வளர்த்தவர்கள், அவனோடு விளையாடியவர்கள், அவர்களா கெடுதல் செய்வார்கள்? சொந்தமாக சோடாக் கடை போடவேண்டும், தனி வீடு பார்க்கவேண்டும் என்று சைக்கிளில் ஊர் ஊராக அலைகிறான். ஓர் இளம் கணவன் செய்யவேண்டியதைத்தான் செய்கிறான். ஆனால் பகல் முழுவதும் பாறையில் தனியாக இருப்பவள் சரோஜா. யார் எந்தக் குரலில் பேசுகிறார்கள், எப்போது பேச்சு நின்றுபோகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பவள் அவள். அந்த ஊரைப் பற்றி அவன் பிறந்ததிலிருந்து அறியாததை அவள் சில மாதங்களில் அறிந்துகொள்கிறாள்.

மாராயியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மருமகளை வசைபாடுகிறாள், ஒப்பாரி வைக்கிறாள். ஆனால் அவளைக் கொடுமைக்காரி என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியவில்லை. கணவன் இல்லாமல் அந்த ஊரில் தலைநிமிர்ந்து வாழ அவளுக்கு இருந்த ஒரே துணை ஊராரின் மதிப்பு. மகன் அதைத்தான் பறித்துவிட்டான். இந்தப் பக்கங்களைப் படிக்கையில் எனக்கு ரூத்து நூல் நினைவுக்கு வந்தது. அங்கும் ஒரு விதவை மாமியார், வேற்றினத்து மருமகள், அவர்களைக் கண்டு பரபரப்படையும் ஒரு சிற்றூர். பெத்லகேம் மக்களும் அந்தப் பெண்ணை மோவாபு நாட்டவள் என்றே சுட்டினார்கள். ஆனாலும் வயலில் கதிர் பொறுக்க அவளுக்கு இடம் கிடைத்தது, தண்ணீர் கிடைத்தது, நகோமி அவளை மகளே என்று அழைத்தாள். மத்தேயு எழுதிய இயேசுவின் மூதாதையர் பட்டியலில் அந்த மோவாபியப் பெண்ணின் பெயர் இருக்கிறது. மாராயி கடைசியில் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்பதை நான் சொல்லப்போவதில்லை. படிக்கப்போகிறவர்களுக்காக விட்டுவைக்கிறேன்.

இந்த ஊரார் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? வெறுப்பு என்று சொல்லிவிடுவது எளிது. நாவலைக் கூர்ந்து படித்தால் வெறுப்பைவிட அச்சமே தெரிகிறது. ஊர் கூடிக் குமரேசன் குடும்பத்தை ஒதுக்கிவைக்கிறது. மாரியம்மன் நோம்பிக்கு அந்த வீட்டில் வரி வாங்குவதில்லை என்று முடிவாகிறது. நம் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும். வரி இல்லாதவன் ஊரில் இல்லாதவன். அவன் வீட்டுக்குப் பெண் கேட்டு யாரும் வரமாட்டார்கள், சாவுக்குத் தோள் கொடுக்க ஆள் வராது. இப்போது அந்தக் குடும்பத்தோடு ஒருவர் பேசினால் நாளை அவர் வீட்டு வரியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? ஒவ்வொரு வீடும் மற்ற வீடுகளுக்கு அஞ்சுகிறது. தனியாகப் பார்த்தால் அவர்களில் பலர் நல்லவர்களாகக்கூட இருக்கலாம். பூக்குழி என்பது நெருப்புக் குண்டத்துக்கு நம் மக்கள் இட்ட அழகான பெயர். ஊரே சேர்ந்து இறங்கும் நெருப்பு அது. இந்தத் தலைப்பை ஆசிரியர் ஏன் வைத்தார் என்பது கடைசிப் பக்கங்களில், புதர்களுக்கு நடுவே, ஒரு சைக்கிளின் சத்தம் கேட்கும்போது விளங்கும்.

இது வெறும் கற்பனை என்று ஆறுதல்பட வழியில்லை. நாவலை ஆசிரியர் தருமபுரி இளவரசனுக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். வேறு சாதிப் பெண்ணை மணந்த அந்த இளைஞரின் உடல் 2013 ஜூலை 4 அன்று இரயில் பாதையோரம் கிடந்தது. 2015 ஜூனில் திருச்செங்கோடு மலைக்கோவிலுக்குத் தோழியோடு போன பொறியியல் பட்டதாரி ஒருவர் கடத்தப்பட்டார். அவர் உடலும் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தது. அந்த வழக்கில் சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். ஆனாலும் 2022 மார்ச்சில் பத்துப்பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், ஒரு பொறியியல் மாணவரை வெட்டிக் கொன்றார்கள். சுற்றிலும் ஆட்கள் நின்றதைக் கண்காணிப்புக் கேமராப் பதிவில் நாடே பார்த்தது.

ஒதுக்கிவைக்கப்படும் குடும்பத்தைப் பற்றி எழுதியவரும் அதிலிருந்து தப்பவில்லை. ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிராக 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் போராட்டம் தொடங்கியது. 2015 ஜனவரியில், பெருமாள்முருகன் என்ற எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். நாமக்கல்லை விட்டுச் சென்னைக்குப் போகவேண்டியதாயிற்று. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்த பிறகே மீண்டும் எழுத வந்தார்.

நம் கோவில்களில் இதெல்லாம் இல்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நம் திருச்சபைக்குள்ளும் சாதிப் பாகுபாடு இருக்கிறது என்பதை 2016 டிசம்பரில் இந்திய ஆயர்களே தங்கள் தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டார்கள். திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறோம். தடை ஏதேனும் தெரிந்தவர்கள் தெரிவிக்கும்படி கேட்கிறோம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் திருமணத்தைச் செல்லாததாக்கும் தடைகள் பன்னிரண்டு. சாதி அவற்றில் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்கில், முதல் ஓலை வாசித்த அன்று பூசை முடிந்ததும் ஒரு பெரியவர் அலுவலகத்துக்கு வந்தார். கோவில் வேலைக்கெல்லாம் முன்னால் நிற்பவர். என்மேல் மிகுந்த மரியாதை உடையவர். தேநீர் குடித்தோம். மழை இல்லாததைப் பற்றிப் பேசினோம். எழும்போது கேட்டார்: ‘பையன் எந்தப் பக்கமுங்க, ஃபாதர்?’

ஓலையில் வாசித்தது பங்கின் பெயர் மட்டும்தான். நான் பையனின் தெருவையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அவர் ‘அப்படிங்களா’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த இரண்டு ஞாயிறும் யாரும் எந்தத் தடையும் தெரிவிக்கவில்லை. திருமணத்தன்று பெண் வீட்டார் பக்கத்துப் பெஞ்சுகளில் பாதி காலியாக இருந்தன.