தம்பியிடம் எந்த மொழியில் பேசுகிறோம்?

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் நடந்தால் தமிழுக்கு ஒரு குறையும் இல்லை என்றே தோன்றும். பூக்கடை, துணிக்கடை, வாழையிலை உணவகம் என எங்கும் தமிழ் எழுத்து. தீபாவளி நெருங்கினால் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் அப்படித்தான். நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. மின்னல் எப்.எம். ஒலிக்கிறது. இந்த மொழிக்கு என்ன ஆபத்து?

மொழியின் உயிர்ப்பை அளக்க, 2003ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் வல்லுநர் குழு ஒன்பது கூறுகளை வகுத்தது. முதல் கூறு, அந்த மொழி பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கிறதா என்பது. பேசுவோர் எத்தனை பேர் என்பது அதற்கு அடுத்துதான். பிள்ளைகள் எல்லாரும் பேசினாலும், சில இடங்களில் மட்டுமே பேசினால் அம்மொழி ‘பாதுகாப்பற்ற’ நிலைக்கு இறங்கிவிடுகிறது. பெற்றோரும் அவர்களுக்கு மூத்தவர்களும் மட்டுமே பேசும் மொழி அதற்கும் கீழே.

இங்கே பல வீடுகளில், “சாப்பிட்டியாய்யா?” என்று பாட்டி கேட்கிறார், பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். அவனுக்குத் தமிழ் நன்றாகவே புரிகிறது. ஆனால் புரிவதை மட்டும் வைத்துக்கொண்டு நாளை அவன் தன் பிள்ளைக்கு எதைக் கொடுப்பான்? பெற்றோரைக் குறை சொல்வதும் எளிதல்ல. ஆங்கிலம் வேலைக்கு, மலாய் எஸ்.பி.எம். சான்றிதழுக்கு என்று கணக்குப் போடுகிறார்கள். தமிழை எடுத்தால் ‘ஏ’ எண்ணிக்கை குறையுமோ என்ற பயம் வேறு.

மலாக்கா செட்டிகளைப் பாருங்கள். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அச்சமூகம் 1781இல் கட்டிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் இன்றும் இருக்கிறது. சமயம் இருக்கிறது, பொங்கல் இருக்கிறது. வீட்டு மொழியோ, தமிழ்ச் சொற்கள் சில கலந்த மலாய். அவர்களுக்குத் தமிழ்ப்பள்ளியும் இல்லை, தமிழ் நாளிதழும் இல்லை. உள்ளூரில் பெண்ணெடுத்து, தலைமுறை தலைமுறையாக இங்கேயே வேரூன்றியவர்கள். நம் நிலைமை வேறுதான். ஆனாலும் கோயிலும் பண்டிகையும் மட்டும் மொழியைக் காப்பாற்றிவிடவில்லை என்பது அங்கே தெரிகிறது.

கடைப் பலகையில் ஓர் ஒற்றெழுத்து விடுபட்டால் நாம் கொதிக்கிறோம். கொதிக்க வேண்டியதுதான். அதே வேகத்தில் யாரும் கவனிக்காத இன்னோர் இடம் உண்டு: அண்ணன் தம்பி பேச்சு. அம்மா தமிழிலேயே பேசினாலும், மூத்த பிள்ளை பள்ளியிலிருந்து கொண்டுவரும் மொழியைத்தான் கடைக்குட்டி பிடித்துக்கொள்கிறது. இந்தப் பக்கத்தைப் படிக்கும் நம்மில் பலர் அந்த மூத்த பிள்ளைகள்.