வயரைக் கழற்றினால் வேகம் போய்விடுமா?

கேம் கன்ட்ரோலர் வாங்கப் போகிறவருக்கு இரண்டு பேர் புத்தி சொல்வார்கள். "வயர்லெஸ் வாங்காதே, லேக் ஆகும்" என்பார் ஒருவர். "அதெல்லாம் அந்தக் காலம்" என்பார் மற்றவர். இருவர் பேச்சிலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது. டீ ஆறுவதற்குள் அதைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

லேக் எங்கே பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். பொத்தானை அழுத்துகிறீர்கள். கன்ட்ரோலரில் உள்ள சிப் அதைக் கவனிக்க வேண்டும். செய்தி கன்சோலுக்கோ கம்ப்யூட்டருக்கோ போய்ச் சேர வேண்டும். கேம் அதைக் கணக்கில் எடுத்து அடுத்த ஃபிரேமை வரைய வேண்டும். கடைசியாக டிவி அதைக் காட்ட வேண்டும். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடினால் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 16.7 மில்லிநொடி ஆகும். நீங்கள் அழுத்தியது திரைக்கு வருவதற்குள் பல கேம்களில் மூன்று நான்கு ஃபிரேம்களாவது ஓடிவிடும். போதாக்குறைக்கு டிவியும் படத்தை மெருகேற்றுகிறேன் என்று பல பத்து மில்லிநொடிகளைத் தின்றுவிடும். இந்த வரிசையில் கன்ட்ரோலரின் பங்கு, தயாரிப்பு நன்றாக இருந்தால், வயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சில மில்லிநொடிகள்தான்.

வயரில் மின்சாரம் கண நேரத்தில் பாயும், சந்தேகமில்லை. ஆனால் யுஎஸ்பியில் கன்ட்ரோலர் தானாக வாய் திறக்காது. கம்ப்யூட்டர் குறித்த இடைவெளியில் "ஏதாவது சேதி உண்டா?" என்று கேட்கும்போதுதான் பதில் சொல்லும். டவுன் பஸ் கதைதான்: ஸ்டாப்புக்கு எவ்வளவு வேகமாக ஓடிவந்தாலும் அடுத்த பஸ் வரும்வரை நிற்கத்தான் வேண்டும். நொடிக்கு 125 முறை கேட்டால் இடைவெளி 8 மில்லிநொடி. 1000 முறை கேட்டால் 1 மில்லிநொடி. ஆகவே நொடிக்கு 125 முறை மட்டும் பேசும் மலிவான வயர் கன்ட்ரோலரை, சொந்த டாங்கிளோடு (யுஎஸ்பியில் செருகும் சின்ன ரேடியோ ஏற்பி) 1000 முறை பேசும் வயர்லெஸ் கன்ட்ரோலர் முந்திவிட முடியும். பிளேஸ்டேஷன் 4-இன் டூயல்ஷாக் 4 கன்ட்ரோலரைக் கம்ப்யூட்டரில் இணைத்து அளந்தவர்கள், யுஎஸ்பியைவிட ப்ளூடூத்தில் தாமதம் குறைவாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் வயர்லெஸ்ஸுக்குக் கெட்ட பெயர் எப்படி வந்தது? ஒரு காரணம் அதன் இளமைக்காலம். 1983-இல் அடாரி விற்ற ரேடியோ ஜாய்ஸ்டிக் பருமனானது. 1980-களின் கடைசியில் நின்டெண்டோவின் என்இஎஸ் கன்சோலுக்கு வந்தவை டிவி ரிமோட்டைப் போல அகச்சிவப்புக் கதிரை நம்பியிருந்தன; யாராவது குறுக்கே நடந்தால் ஆட்டம் கெட்டது. 2002-இல் நின்டெண்டோவின் கேம்கியூப் கன்சோலுக்காக வந்த வேவ்பேர்ட் கன்ட்ரோலர்தான் நிலைமையை மாற்றியது. அது 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில், இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடியது. பேட்டரியை மிச்சப்படுத்த அதிர்வு வசதியை மட்டும் விட்டுவிட்டார்கள். 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360, 2006-இல் பிளேஸ்டேஷன் 3, வீ ஆகியவை வந்தபின் வயர்லெஸ் வழக்கமாகிவிட்டது.

இன்னொரு காரணம் ப்ளூடூத் இயர்போன். அதில் துப்பாக்கி வெடித்தபின் சத்தம் வருவதைக் கேட்டவர்கள், ப்ளூடூத்தே மந்தம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒலியைச் சுருக்கி அனுப்பி, விரித்து, நடுவில் அறுந்துவிடாமலிருக்கக் கொஞ்சம் சேமித்து வைத்துக்கொண்டுதான் இயர்போன் பாடுகிறது. தாமதம் பெரும்பாலும் அங்கே உருவாகிறது. கன்ட்ரோலர் அனுப்புவது சில பத்து பைட்டுகள்; சுருக்கவோ சேமிக்கவோ அதில் ஒன்றுமில்லை.

இனி, "வயர்லெஸ் வாங்காதே" என்றவரின் பக்கம் உள்ள நியாயம். அது வேகத்தில் இல்லை, காற்றில் உள்ள நெரிசலில் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் உங்கள் வைஃபை, பக்கத்து வீட்டு வைஃபை, வயர்லெஸ் மவுஸ், இயர்போன் எல்லாம் ஒரே நேரத்தில் பேசுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் இரைகிறது. இதைச் சமாளிக்க வழக்கமான ப்ளூடூத் அந்த இடத்தை 79 தடங்களாகப் பிரித்துக்கொண்டு, நொடிக்கு 1600 முறை தடம் மாறித் தாவுகிறது. அப்படியும் சில செய்திகள் மோதித் தொலையும். திரும்ப அனுப்ப வேண்டியிருக்கும். சராசரியைப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் எப்போதாவது ஒரு அழுத்தல் பிந்தி வரும். எப்போதும் ஒரே அளவாக இருக்கும் தாமதத்துக்குக் கை பழகிவிடும். திடீரென்று ஏறி இறங்கும் தாமதத்துக்குப் பழகாது.

பல வீடுகளில் இந்தத் தொல்லைக்குக் காரணம் டாங்கிள் செருகப்பட்ட இடம்தான். யுஎஸ்பி 3 இணைப்புகள் எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளைப் பாதிக்கும் என்று 2012-இலேயே இன்டெல் விளக்கியிருக்கிறது. கம்ப்யூட்டரின் முதுகில், யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்கை ஒட்டி டாங்கிளைச் செருகியிருந்தால், ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி அதை முன்பக்கம் கொண்டுவாருங்கள். மனித உடம்பில் உள்ள நீரும் இந்த அலையை உறிஞ்சும். டாங்கிளுக்கும் கைக்கும் நடுவே ஆள் உட்காராமல் இருப்பது நல்லது.

போட்டிகளில் வயரை விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. லாஸ் வேகஸில் நடக்கும் ஈவோ போன்ற சண்டை விளையாட்டுப் போட்டிகளில் ஒரே கன்சோலில் ஆள் மாறி ஆள் ஆடுவார்கள். ஆடி முடித்துப் போனவரின் வயர்லெஸ் கன்ட்ரோலர் அந்தக் கன்சோலோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அவர் பையில் வைக்கும்போது பொத்தான் அழுந்தினால், இங்கே அடுத்தவர்களின் ஆட்டம் நின்றுவிடும். வயர் என்றால் செருகியிருப்பது யாருடையது என்பதில் குழப்பமில்லை.

வயரைச் செருகிவிட்டால் வயர் கன்ட்ரோலர் ஆகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். முதலில் வந்த டூயல்ஷாக் 4, வயரில் சார்ஜ் ஏறும்போதும் பிளேஸ்டேஷன் 4-உடன் ப்ளூடூத்தில்தான் பேசியது. 2016-இல் வந்த திருத்திய மாடலில்தான் செட்டிங்ஸில் யுஎஸ்பியைத் தேர்ந்தெடுக்கும் வழி கிடைத்தது. நின்டெண்டோ ஸ்விட்சின் ப்ரோ கன்ட்ரோலருக்கும் அப்படியொரு செட்டிங் இருக்கிறது. தவிர, சில மலிவான சார்ஜர் வயர்களுக்குள் டேட்டா செல்லும் கம்பிகளே கிடையாது. சார்ஜ் மட்டும் ஏறும்.

வயருக்குள்ள தொல்லை கால் தடுக்குவது. 2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸில், யாராவது தடுக்கினால் கன்சோல் கீழே விழாமல் வயர் மட்டும் பிரிந்துவரும்படி ஓர் இணைப்பு வைத்திருந்தார்கள். வயர்லெஸ்ஸில் தொல்லை பேட்டரி. உள்ளேயே இருக்கும் லித்தியம் பேட்டரி ஆண்டுகள் போகப் போகத் தளரும்.

சோபாவில் சாய்ந்து கதை கேமோ கால்பந்தோ ஆடுகிறவர்கள் தயங்காமல் வயர்லெஸ் வாங்கலாம். மேஜையருகே உட்கார்ந்து சண்டை கேமில் ஃபிரேம் எண்ணி ஆடுகிறவர்களும், ஒரே அடுக்குமாடியில் இருபது வைஃபைக்கு நடுவே வாழ்கிறவர்களும் வயரில் டேட்டாவும் போகும் கன்ட்ரோலராகப் பார்த்து வாங்கட்டும், வேண்டும்போது செருகிக்கொள்ளலாம். கையில் பணம் குறைவென்றால் வயர் கன்ட்ரோலரே லாபம்: ரேடியோவுக்கும் பேட்டரிக்கும் போகும் காசு மிச்சம். எதை வாங்குவதானாலும் கடைக்குக் கிளம்பும் முன் டிவி செட்டிங்ஸில், அந்த மெருகேற்றும் வேலையைக் குறைக்கும் கேம் மோடைப் போட்டுப் பாருங்கள். லேக் அதிலேயே தீர்ந்துவிட்டால், இருக்கிற கன்ட்ரோலரே போதும்.