கைக்கு எட்டிய ஆழம்

(கடலடியில் கிடக்கும் கப்பல்கள் – 9)

சென்ற வாரம் டைட்டானிக்கைப் பற்றிப் பார்த்தோம். ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்தில், எஃகுக் கூண்டுக்குள் அடைந்துகொண்டாலன்றி மனிதன் போய்ச் சேர முடியாத இடத்தில் அது விழுந்தமையால், எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு கையும் படாத காவல் அதற்கு இயற்கையாகவே அமைந்திருந்தது. இந்த வாரம் நாம் காணப்போகும் கப்பலுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. கனடா தேசத்தில், செயின்ட் லாரன்ஸ் மகாநதி கடலோடு கலக்கும் அகன்ற முகத்துவாரத்தில், ரிமூஸ்கி என்னும் ஊருக்கு அருகே, கரையிலிருந்து சில மைல் தூரத்திலேயே, ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்தில் அது ஒருக்களித்துக் கிடக்கிறது. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவன் உயிரைப் பணயம் வைத்தால் எட்டிவிடக்கூடிய ஆழம் அது; பணயம் வைக்காமல் எட்ட முடியாத ஆழமும் அதுவே. அந்தக் கப்பலுக்கும் அதைத் தேடிப் போனவர்களுக்கும் பிற்காலத்தில் நேர்ந்த துன்பங்கள் பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால் விளைந்தவை என்பது என் அபிப்பிராயம்.

'எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து' என்பது அதன் பெயர். ஸ்காட்லாந்தில் கிளைடு நதிக்கரையில் கட்டப்பட்டு, 1906-ஆம் ஆண்டு முதல் லிவர்பூலுக்கும் கனடாவுக்கும் இடையே பிரயாணிகளைச் சுமந்து வந்த, 14,000 டன்னுக்கு மேற்பட்ட நீராவிக் கப்பல். 1914-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் தேதி மாலை, 1,477 பேரை ஏற்றிக்கொண்டு கியூபெக் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. லண்டன் மாநாட்டுக்குச் சென்றுகொண்டிருந்த இரட்சணிய சேனையைச் சேர்ந்தவர்கள், அவர்களுடைய வாத்தியக் குழு உட்பட, ஒரு பெருங்கூட்டமாக அதில் இருந்தனர். நள்ளிரவுக்குப் பின் புவான்ட்-ஒ-பேர் முனையில் நதிவழி காட்டிய பைலட்டை இறக்கிவிட்டுக் கப்பல் கடலை நோக்கித் திரும்பியது. நிலக்கரி ஏற்றி எதிரே வந்த 'ஸ்டோர்ஸ்டாட்' என்னும் நார்வே தேசத்துக் கப்பலின் விளக்குகளை இவர்கள் கண்டார்கள்; இவர்களுடைய விளக்குகளை அவர்களும் கண்டார்கள். பிறகுதான் மூடுபனி படர்ந்து இரண்டையும் ஒன்றுக்கொன்று மறைத்தது. பனிக்குள்ளிருந்து மீண்டும் தோன்றிய ஸ்டோர்ஸ்டாட்டின் முகப்பு, எம்ப்ரஸின் வலப்புறத்தை, அதன் இரண்டு புகைபோக்கிகளுக்கும் இடையே, நீர்மட்டத்துக்குக் கீழ்வரை பிளந்துகொண்டு உள்ளே புகுந்தது. மோதிய நேரத்துக்கும் மூழ்கிய நேரத்துக்கும் இடையே கழிந்தவை 14 நிமிஷங்கள். பெரும்பாலோர் உறக்கத்தில் இருந்தனர்; காற்றுக்காகத் திறந்து வைத்திருந்த சாளரங்களின் வழியாகவே, கப்பல் சாயச் சாய, தண்ணீர் அறைகளுக்குள் கொட்டியது. 1,012 பேர் மாண்டனர். கப்பலில் இருந்த 138 குழந்தைகளில் பிழைத்தவர்கள் நால்வரே.

குற்றம் யாருடையது என்று டைட்டானிக் விசாரணையை நடத்திய அதே மெர்ஸி பிரபுவின் தலைமையில் கனடாவில் விசாரித்து, ஸ்டோர்ஸ்டாட்டின்மேல் தீர்ப்புக் கூறினார்கள். நார்வே நாட்டார் தாங்களே விசாரித்து அதற்கு நேர்மாறாகக் கூறினார்கள். இரண்டு மாதங்களில் மகாயுத்தம் மூண்டது. ஆயிரம் பேர் மாண்ட இந்த விபத்தை உலகம் மறந்தே போயிற்று.

விபத்து நேர்ந்த அந்தக் கோடையிலேயே, செம்புத் தலைக்கவசமும் ஈயக் காலணியும் பூண்ட முக்குளிப்போர் இறக்கப்பட்டு, பிரேதங்களையும் தபால் மூட்டைகளையும் வெள்ளிக் கட்டிகளையும் மேலே கொண்டுவந்தார்கள். அவர்களுள் எட்வர்ட் காஸபூம் என்பவர் அந்த வேலையிலேயே உயிர் துறந்தார். பிறகு ஐம்பது ஆண்டுகள் அங்கே ஒருவரும் இறங்கவில்லை.

இதற்கிடையே, 1943-இல், பிரான்ஸ் தேசத்தில் கூஸ்தோ என்னும் கடற்படை அதிகாரியும் எமீல் கான்யான் என்னும் பொறியியலாளரும் சேர்ந்து, மேலிருந்து குழாயும் கயிறும் வேண்டாமலே மனிதன் நீரடியில் மூச்சுவிட உதவும் ரெகுலேட்டரை உருவாக்கியிருந்தார்கள். அவ்விருவரில் கான்யான் யுத்தம் முடிந்தபின் குடிபெயர்ந்து வாழ்ந்த இடம் மான்ட்ரீல், அதாவது இதே செயின்ட் லாரன்ஸ் நதிக்கரை. 1964-ஆம் ஆண்டு கியூபெக்கைச் சேர்ந்த சில இளைஞர்கள் அந்த வகைக் கருவிகளோடு இறங்கி எம்ப்ரஸை மீண்டும் கண்டுபிடித்தார்கள்.

அங்கே இறங்குவது எத்தகைய காரியம் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வடக்கேயிருந்து வரும் சீதள நீர் முகத்துவாரத்தின் அடியில் புகுந்து தங்கிவிடுவதால், கோடைக்காலத்திலும் அந்த ஆழத்தில் உறைநிலைக்கு மேல் சில டிகிரி உஷ்ணமே இருக்கும். ஆகவே தண்ணீர் உடம்பில் படாதபடி கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கி மூடிய உலர் உடையும், அதற்குள் கனத்த கம்பளி உடையும் தரித்தே இறங்குகிறார்கள். குளிர் மனிதனை மட்டும் தாக்குவதில்லை. சிலிண்டரில் அழுத்தி அடைத்த காற்று ரெகுலேட்டருக்குள் விரியும்போது தானே மேலும் குளிர்கிறது. ஏற்கெனவே உறைநிலையை ஒட்டியிருக்கும் நீரில் அந்தக் கூடுதல் குளிர் சேர்ந்து உள்ளுறுப்புகளில் பனிக்கட்டி கட்டினால், வால்வு மூட மாட்டாமல், காற்று முழுவதும் குமிழிகளாகக் கொட்டிப் போய்விடும். இதற்காகவே அனுபவசாலிகள் தனித்தனி ரெகுலேட்டர் பொருத்திய இரண்டு சிலிண்டர்களைச் சுமக்கிறார்கள்.

40 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே உள்ளதைப்போல் ஐந்து மடங்கு. ஒவ்வொரு மூச்சும் ஐந்து மூச்சின் காற்றை விழுங்குகிறது. நிமிஷத்துக்கு 20 லிட்டர் செலவிடுகிறவனுக்கு அங்கே 100 லிட்டர் வேண்டியிருப்பதால், 2,400 லிட்டர் கொண்ட ஒரு சிலிண்டர், துளியும் மீதம் வைக்காவிட்டாலும், 24 நிமிஷத்தில் தீர்ந்துபோகும். அதே அழுத்தத்தில் நைட்ரஜன் மூளையை மந்தப்படுத்தி ஒருவித மயக்கத்தை உண்டாக்குகிறது. தன்னுடைய புத்தி தெளிவாக இருக்கிறது என்று மனிதன் நம்பிக்கொண்டிருக்கும்போதே அது தெளிவற்றுப் போகிறது. அந்த நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து நிற்பதால், பத்து நிமிஷத்துக்கு மேல் அடியில் தங்கியவன் நேரே மேலேற முடியாது; கயிற்றைப் பற்றிக்கொண்டு, குறித்த ஆழங்களில் குறித்த நேரம், அந்தக் குளிரிலேயே நின்று நின்றுதான் ஏற வேண்டும். அப்போது இழுக்கும் வேலியேற்ற நீரோட்டத்தில் அந்தக் கயிற்றை விட்டவன் திரும்பவும் அதைப் பிடிப்பது துர்லபம்.

கப்பலுக்குள் புகுவது வேறொரு அபாயம். எம்ப்ரஸ் வலப்புறமாகச் சாய்ந்து கிடக்கிறது. தளங்கள் சுவர்களாயின, நடைபாதைகள் கிணறுகளாயின. ஒரு வீட்டை அப்படியே பக்கவாட்டில் கவிழ்த்து, விளக்கையும் அணைத்துவிட்டு, உள்ளே போய் அடுக்களையைத் தேடு என்று சொன்னால் எப்படியோ அப்படி. துடுப்புக்கால் ஒருமுறை தவறி அசைந்தால் பல்லாண்டு வண்டல் கிளம்பிக் கைவிளக்கின் ஒளியை அடைத்துவிடும். பிறகு வாயிலிலிருந்து கட்டிக்கொண்டு வந்த நூல் ஒன்றே துணை. காற்றில் மூன்றில் ஒரு பங்கைப் போவதற்கும், ஒரு பங்கைத் திரும்புவதற்கும் வைத்து, மூன்றாவது பங்கைத் தொடாமல் காப்பது இத்தகைய இடங்களில் வேதவாக்கு. இவ்வளவு ஜாக்கிரதைகளையும் மீறி அங்கே இறங்கிய சிலர் திரும்பவில்லை.

இத்தனை சிரமத்தோடு இறங்கியவர்களின் மனோதைரியத்தை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆயினும் அவர்களில் பலர் செய்த மற்றொரு காரியத்தைப் போற்ற என்னால் இயலவில்லை. 1964-க்குப் பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல், பீங்கான் தட்டுகளும் பித்தளைச் சாளரங்களும் பிரயாணிகளின் சொந்தப் பொருள்களும் நினைவுப் பரிசுகளாக மேலே போய்க்கொண்டே இருந்தன. தடுக்கச் சட்டம் இருக்கவில்லை. நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் இருக்கும் ஸ்தலம் அது. மயானத்தில் இறந்தவர் தலைமாட்டிலிருந்து விளக்கை எடுத்துச் செல்வதை எந்தத் தேசத்தாரும் வீரம் என்று கூறியதில்லை. தண்ணீருக்கடியில் இருப்பதனால் மட்டும் அது வேறாகிவிடாது.

1999-இல்தான் கியூபெக் அரசாங்கம் எம்ப்ரஸைச் சரித்திரச் சொத்தாக அறிவித்தது. 2009-இல் அது கனடாவின் தேசியச் சரித்திரத் தலமும் ஆயிற்று. இப்போதும் அங்கே இறங்கலாம், பார்க்கலாம், எதையும் எடுக்கலாகாது. முன்பு வெளியேறிய பொருள்களில் ஒரு பெருந்தொகுதியை 2012-இல் கனடாவின் தேசிய அரும்பொருளகம் பெற்றுக்கொண்டது. புவான்ட்-ஒ-பேர் முனையில், விபத்து நடந்த நீர்ப்பரப்பை நோக்கியிருக்கும் அரும்பொருளகத்திலும் சில இருக்கின்றன. எஞ்சியவை யார் யார் வீட்டு அலமாரிகளிலோ உள்ளன. அவற்றை வைத்திருப்பவர்களும் அவர்களுடைய வாரிசுகளும் அவற்றை அந்த அரும்பொருளகங்களில் ஒன்றிடம் ஒப்படைத்துவிடுவதே நியாயம்.