தொல்பொருட் கல்வியும் மண்ணடுக்கும்

கீழடி அகழாய்வின் முதலிரு பருவங்கள் பற்றிய அறிக்கை 2023 சனவரித் திங்களில் இந்தியத் தொல்லியல் துறையிடம் அளிக்கப்பெற்றது. 2025 மே திங்களில் அத்துறை சில திருத்தங்களை வேண்டி அதனைத் திருப்பி அனுப்பிற்று. முதற் காலப்பகுதியைக் கி.மு. 8 முதல் 5 வரையுள்ள நூற்றாண்டுகளுக்கு உரியதாகக் கொண்டமைக்கு வலிய சான்று வேண்டும் என்பது ஒன்று; காலக்கணிப்பு மாதிரிகளின் ஆழத்தைக் குறித்தல் மட்டும் போதாது, மண்ணடுக்கின் எண்ணையும் குறித்தல் வேண்டும் என்பது மற்றொன்று. அகழ்வை நடத்திய அறிஞரோ, தம் முடிபு மண்ணடுக்கையும் காலக்கணிப்பையும் கொண்டு எய்தியதே என மறுமொழி விடுத்தார்.

இவ்விரு கூற்றுள் எது பொருந்தும் என ஆராய்தல் ஈண்டு எம் நோக்கமன்று. அந்நாட்களில் இச்செய்தியை நாளிதழிலும் மேடையிலும் தேநீர்க் கடையிலும் பேசினோர் மிகப் பலர். மண்ணடுக்கு என்பது யாது என வினவின் விடை கூறவல்லார் அவருள் எத்துணையர் என்பதே எம் வினா. தமிழ் முதுகலை மாணாக்கரும் அவ்வினாவிற்கு இடர்ப்படுதலை வகுப்பறையிற் காண்கின்றோம். கீழடியின் காலம் கி.மு. 580 என்று தேர்வில் வழுவாது எழுதுகின்றனர். அவ்வெண் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒரு கரிம மாதிரியின் காலம் என்பதை எழுதுவார் அரியர். எண்ணை அறிந்து அதன் வழியை அறியாதான், அவ்வெண் மறுக்கப்படுங்கால் சினங்கொள்ள வல்லனேயன்றி வாதிட வல்லன் அல்லன்.

மக்கள் வாழ்ந்த இடத்தில் மண் வாளா கிடப்பதில்லை. சுவர் இடிந்து பரவும். அடுப்புச் சாம்பலும் குப்பையும் சேரும். வெள்ளம் வண்டலை விட்டுச் செல்லும். அதன்மேல் புதிய தளம் இடப்பெறும். நிறத்தாலும் இறுக்கத்தாலும் கலந்த பொருளாலும் தம்முள் வேறுபடும் இப்படிவுகளே அடுக்குகள். மேலடுக்கினும் கீழடுக்கு முந்தியது என்பது பொதுவிதி. இதனை ஒருமுறை கூறிய அளவில் மாணாக்கர் பற்றிக்கொள்வர். இடர் இதன் பின்னரே தொடங்குகிறது. பிற்காலத்தார் ஒருவர் குப்பை கொட்டக் குழி வெட்டுகிறார். அவர் எறிந்த ஓடு, பல நூற்றாண்டு முந்திய அடுக்கின் ஆழத்திற்குச் சென்று கிடக்கும். எலி வளையும் மர வேரும் இதனையே செய்யும். ஆகலின் ஆழம் வேறு, அடுக்கு வேறு. ஆழம் அளவுகோலால் அறியப்படுவது. அடுக்கு கண்ணாலும் கையாலும் ஆராய்ந்து தெளியப்படுவது.

பிறிதொரு விதியும் உண்டு. அதனை விளக்க நாணயத்தினும் எளிய கருவி இல்லை. ரூபாய்க் குறியீடு 2010-இல் ஏற்கப்பெற்று, 2011 முதல் நாணயங்களில் இடம்பெற்றது. அக்குறியீடு பொறித்த காசு கிடைத்த அடுக்கு 2011-க்கு முற்பட்டதாதல் இயலாது. அவ்வடுக்கிலேயே விக்டோரியா அரசியின் காசு ஒன்று கிடைப்பினும் இம்முடிபு மாறாது. புதுமனையில் பாட்டியின் பித்தளைக் குடம் இருத்தல் இயல்பே. பழம்பொருள் புதிய அடுக்கில் இருக்கலாம். கலைவுறாத பழைய அடுக்கிற் புதுப்பொருள் இருத்தல் கூடாது. இவ்வளவையும் ஒரு மணி நேரத்திற் கற்பிக்கலாம். கற்பித்தபின், ஊர்ப்புறத்தே கிணற்றுக்கென வெட்டிய குழியின் பக்கச் சுவரை மாணாக்கர்க்குக் காட்டி, அடுக்குகளை எண்ணி வரையச் செய்தல் வேண்டும். முதல்முறை ஒருவர் எண்ணியது போல் மற்றொருவர் எண்ணார். அவ்வேறுபாடே நல்ல பாடம்.

இனி, காலக்கணிப்புப் பற்றி. பழனிக்கு அண்மையிலுள்ள பொருந்தலில் 2009-இல் அகழப்பட்ட ஈமக்குழி ஒன்றில், நான்கு கால்களையுடைய சாடியில் நெல் இருந்தது. அக்குழியிலேயே "வயர" என்று தமிழி எழுத்துப் பொறித்த மட்பாண்டத் தாங்கியும் இருந்தது. நெல்லை ஆய்வுக்கு அனுப்பிக் கி.மு. 490 எனக் காலம் பெற்றனர். செய்தித்தாளிலோ எழுத்தின் காலம் கி.மு. 490 என்றே வரும். கணிக்கப்பட்டது நெல், எழுத்தன்று. சுட்ட மண்ணிற் கீறிய எழுத்தின் காலத்தை இம்முறை நேரே கணியாது. நெல்லும் எழுத்தும் ஒரே வேளையில் அக்குழியுள் வைக்கப்பட்டன, பின்னர் அக்குழி கலைக்கப்படவில்லை என்பதை அகழ்ந்தோர் நிறுவியமையாலன்றோ நெல்லின் காலம் எழுத்திற்கும் ஆகின்றது! இவ்விடைப்பட்ட படியைக் கற்பியாது விடின், மாற்றார் அப்படியையே தட்டிக் கேட்குங்கால் நம் மாணாக்கர் வாயடைத்து நிற்பர்.

குறிப்பு முறையாக இருப்பின் பிழையும் பின்னர்த் திருத்தப்படும் என்பதற்கு அரிக்கமேடு சான்று. மார்ட்டிமர் வீலர் 1945-இல் அங்கு அகழ்ந்தார். அகழ்ந்ததோடு, இளம் ஆய்வாளர்க்கு அதனைப் பயிற்சிக் களமாகவும் ஆக்கினார். இத்தாலியிற் செய்த அரிட்டைன் கலங்களின் காலம் முன்னரே தெளியப்பட்டிருந்தது. அவை கிடந்த அடுக்குகளைக் கொண்டு உள்நாட்டுக் கலங்களுக்கும் அவர் காலம் வரையறுத்தார். தென்னகத் தொல்லியலுக்கு அஃது ஓர் அளவுகோலாயிற்று. 1946-இல் வெளிவந்த அவர்தம் அறிக்கையில் மண்வெட்டுப் படங்களும், எவ்வடுக்கில் எக்கலம் என்ற விவரமும் உள. 1983-இல் விமலா பெக்லி அவ்வறிக்கையை மீளவும் ஆராய்ந்தார். உட்புறத்தே சிறு கோடுகளை வட்டமாகப் பதித்த ரௌலெட்டட் தட்டுகள் வீலர் கருதியதினும் முற்பட்டன என்றும், மேலைநாட்டுக் கலங்கள் வருமுன்னரே அவ்வூர் இருந்தது என்றும் காட்டினார். 1989 முதல் 1992 வரை அவர் நடத்திய அகழ்வும் அதனை உறுதிப்படுத்திற்று. வீலர் தரவுகளை மறையாது தந்தமையின் அவர் முடிபை அவர் ஏட்டினின்றே மாற்ற முடிந்தது. இலக்கிய ஆராய்ச்சியில் நல்ல பதிப்பாசிரியர் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் தருதல் இதனோடு ஒப்பது. தமிழ் மாணாக்கர்க்கு இவ்வுவமை உடனே விளங்கும்.

ஆதிச்சநல்லூரின் வரலாறு இதற்கு மறுதலை. 1876-இல் யாகோர் அங்கு அகழ்ந்து எடுத்தவை பெர்லின் சென்றன. அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்து எடுத்த தாழிகளும் வெண்கலப் பொருள்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. 1915-இல் அச்சான அவர்தம் பட்டியல் போற்றத்தக்கதே. ஆயினும் இன்றைய வினாக்களுக்கு விடை தருமளவு அடுக்குக் குறிப்பு அந்நாளில் எடுக்கப்படவில்லை. 2023-இல் அவ்வூரிலேயே, அகழ்ந்த குழியின்மேல் கண்ணாடித் தளம் அமைத்துத் தாழிகளைக் கிடந்தவாறே காணச் செய்துள்ளனர். அவ்வாண்டே கீழடியில் திறந்த அருங்காட்சியகம் மிக அழகிது. எனினும், கற்பித்தற்கு ஆதிச்சநல்லூர்க் கண்ணாடித் தளமே சிறந்தது என்பது எம் கருத்து. பேழையுள் வைத்த பானையைக் காண்பார் "எவ்வளவு பழையது?" என்று வினவுவர். மண்ணிற் கிடக்கும் தாழியைக் காண்பாரோ "இதனை எப்படி வைத்தார்கள்?" என்று வினவுவர். கல்விக்கு ஏற்றது பின்னைய வினாவே.

இவையெல்லாம் தொல்லியல் மாணாக்கர்க்கு உரியன, தமிழ்த்துறைக்கு என்னை என்பாரும் உளர். 2006-இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழி எழுத்துடைய நடுகற்களைக் கண்டனர். அவற்றுள் ஒன்று கூடலூர் ஆகோளில் இறந்த அந்தவன் என்பானுக்கு எடுத்த கல். ஆகோள் என்னும் சொல் தொல்காப்பியப் புறத்திணையியலில் வெட்சித் துறைகளுள் வருவது. அச்சொல்லின் பொருளை உரைத்தற்கு நம் மாணாக்கரினும் உரியார் யார்? ஆயின் அக்கல்லின் காலம் எழுத்தின் வடிவு கொண்டு துணியப்பட்டது. எழுத்து வடிவின் காலத்தையோ பொருந்தல், கொடுமணல் முதலிய இடங்களின் பானையோடுகளைக் கொண்டு உறுதிசெய்கின்றோம். அவ்வோடுகளின் காலம் மண்ணடுக்கைச் சார்ந்தது. கொடுமணம் பதிற்றுப்பத்திற் பயிலும் ஊர்ப்பெயர். கொடுமணலில் மணி செய்த தொழிற்களம் வெளிப்பட்டது. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று துணையாகும். ஆயின் பாட்டைக் கொண்டு அடுக்கின் காலத்தையும், அவ்வடுக்கைக் கொண்டே பாட்டின் காலத்தையும் நிறுவுதல் வட்டத்திற் சுற்றுதலாம். ஆய்வேடுகளில் இவ்வட்டம் மிகுதி.

பள்ளிகளில் இப்பயிற்சி இயலாதது என்பதும் பொருந்தாது. இராமநாதபுரம் மாவட்டத்துத் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்து மாணவர் தமிழி எழுத்தைப் படிக்கப் பயின்று, தம் சுற்றுப்புறத் தொன்மைகளை ஆவணப்படுத்தி வருகின்றனர். இத்தகைய மன்றங்கள் முதலிற் கற்பிக்க வேண்டுவது ஓட்டை எடாமை. உழுத வயலின் மேற்பரப்பிற் கிடப்பதாயினும், ஓடு கிடந்த இடமே அதன் சான்றில் ஒரு பாதி. அளவுகோல் ஒன்றை அருகில் வைத்துப் படம் எடுத்து, நிலத்தின் புல எண்ணைக் குறித்து, தொல்லியல் துறை அலுவலர்க்கு அறிவித்தலே மாணவர் செயலாதல் வேண்டும். கல்லூரிச் சுற்றுலாவிலிருந்து பை நிறைய ஓடு கொண்டுவந்து துறைத்தலைவர் மேசையிற் குவிக்கும் வழக்கம் இன்னும் நின்றபாடில்லை.

எம் மாணாக்கர்க்கு யாம் தரும் பயிற்சி வினா ஒன்று வருமாறு. மண்வெட்டுப் படம் ஒன்றில் ஐந்து அடுக்குகள் உள. மேலிருந்து எண்ண, இரண்டாம் அடுக்கினின்று வெட்டிய குழியொன்று ஐந்தாம் அடுக்கு வரை இறங்குகிறது. குழியின் அடியில் எழுத்துப் பொறித்த ஓடு ஒன்று கிடக்கிறது. அதற்கு ஒரு முழத் தொலைவில், அதே ஆழத்தில், ஐந்தாம் அடுக்கில் எடுத்த கரி கி.மு. 400 எனக் கணிக்கப்பட்டது. அவ்வோட்டில் எழுத்துப் பொறிக்கப்பட்ட காலத்தைப் பற்றி இக்கரி யாது கூறுகிறது, யாது கூறவில்லை?